எல்லா விரலும் ஒரே ஊஞ்சலில்



இந்தக் கிழமை எபிசோடில் பழைய சாம்ப்ளர்களைப் பற்றிக் கதைக்கும்போது ஒரு வசனத்தைச் சொல்லிப்போட்டு விளக்காமலே விட்டிட்டேன்: "ஒரு சிந்தைச் சாம்பிள் எடுத்தால் அதின்ர சத்தம் வரும், பழக்கம் வராது." நேரம் முடிஞ்சுது, மிச்சத்தை நியூஸ்லெட்டரில எழுது எண்டு விட்டாங்கள். எழுதுறேன். இது ஒரு அபிப்பிராயம்தான். ஆனால் அதுக்குப் பின்னால என்ர கையால செய்த ஒரு பிழை இருக்கு.

என்ர சித்தப்பாவிடம் ஒரு ரோலண்ட் ஜூனோ-106 இருந்தது. 1984இல் வந்த மொடல். அவர் தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் செக்கண்ட் ஹாண்டாக வாங்கினது. கலியாண வீடு, ஆண்டு விழா, ஊர்ச் சங்க ஒன்றுகூடல் எண்டு ஸ்காபரோவில் அது போகாத ஹோல் இல்லை. போன வருசம் அவை வீட்டை வித்துப்போட்டு கொண்டோவுக்கு மாறினவை. 61 கட்டை உள்ள கீபோர்டை வைக்க இடம் இல்லை.

"சித்தப்பா, நீங்கள் யோசிக்காதேங்கோ. உங்கட சத்தத்தை நான் சாம்பிள் எடுத்து லாப்டொப்பில போட்டுத் தாறன். சின்ன கீபோர்ட் ஒண்டு காணும். பெட்டியை விப்பம்" எண்டு சொன்னது நான்தான். கம்பியூட்டர் சயன்ஸ் படிச்ச பெடியன் சொல்றான் எண்டு அவரும் நம்பினார்.

அவர் முப்பது வருசமாப் பாவிச்ச ஒரு ஸ்ட்ரிங்ஸ் சத்தம். நாலு கட்டைக்கு ஒண்டு எண்டு மொத்தம் 16 சாம்பிள். ஒவ்வொரு கட்டையாக அமத்தி ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசல். பெட்டியை வித்தோம். பிறகு அவர் வந்து லாப்டொப்பில் இருந்து வாசிச்சார். வலக்கையால் ஒரு கோர்ட், அதாவது மூண்டு நோட்டைச் சேர்த்து அமத்திப் பிடிச்சுக்கொண்டு, தலையைச் சரிச்சுக் கேட்டார்.

"தம்பி, உது பிழை. ஒவ்வொரு விரலும் தன்ர பாட்டில ஆடுது."

ஸ்பீக்கர், லேட்டன்சி, புதுக் கீபோர்டுக்கு இன்னும் கை பழகேல்ல எண்டு மூண்டு காரணம் சொன்னேன். மூண்டும் பிழை. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அது ஏன் எண்டு விளங்க எனக்குச் சில கிழமை எடுத்தது.

எல்எஃப்ஓ: ஒரு ஊஞ்சல்

தெரிஞ்சவை இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எல்எஃப்ஓ எண்டால் லோ ஃப்ரீக்வென்சி ஒசிலேட்டர். காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக ஆடுற ஒரு அலை. செக்கனுக்கு 5 தரம், சில நேரம் பத்துச் செக்கனுக்கு ஒரு தரம். அது தானாகச் சத்தம் போடாது. வேறு ஒண்டைப் பிடிச்சு ஆட்டும். பிட்சைப் பிடிச்சு ஆட்டினால் வைப்ரேட்டோ. வொலியூமை ஆட்டினால் ட்ரெமலோ. ஃபில்டரை ஆட்டினால் வாவ்-வாவ்.

ஊஞ்சல் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் எண்ட ரெண்டு விசயத்தையும் பல பெட்டிகளில் ஒரு குமிழ் வைச்சு எழுதியிருப்பாங்கள். ஸ்பெக் ஷீட்டிலும் அதுதான் இருக்கும்: எல்எஃப்ஓ, ட்ரையாங்கிள், 0.1 முதல் 30 ஹெர்ட்ஸ். ஆனால் ஒரு சத்தத்தின்ர குணத்தைத் தீர்மானிக்கிற மூண்டு கேள்விக்கு அந்த ஷீட்டில் பதில் இருக்காது. எத்தனை ஊஞ்சல் இருக்கு? அது எப்ப ஆடத் தொடங்குது? எதைப் பிடிச்சு ஆட்டுது?

என்ர வாதம் இதுதான். ஹார்ட்வேரா சாஃப்ட்வேரா, அனலொக்கா டிஜிட்டலா எண்டு நாங்கள் நேரத்தை வீணாக்குறம். சிந்துக்கும் சாம்ப்ளருக்கும் இடையில் காதுக்குப் படுற வித்தியாசத்தில் ஒரு பெரிய பங்கு இந்த மூண்டு கேள்விக்குள்ள இருக்கு.

எத்தனை ஊஞ்சல்?

ஜூனோ-106 ஒரே நேரத்தில் 6 நோட் வாசிக்கும். 6 வொய்ஸ். ஆனால் எல்எஃப்ஓ ஒண்டே ஒண்டு. நீங்கள் ஆறு விரலை வைச்சாலும் ஆறும் ஒரே ஊஞ்சலில்தான் ஏறுது. 1978இல் வந்த புரொஃபெட்-5இலும் அப்பிடித்தான்: 5 வொய்ஸ், ஒரு எல்எஃப்ஓ. 1970இல் வந்த மினிமூக்கில் தனி எல்எஃப்ஓவே இல்லை. மூண்டாவது ஒசிலேட்டரை மெதுவாக்கி அதையே ஊஞ்சலாகப் பாவிக்க வேண்டியதுதான். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 முழு டிஜிட்டல், 16 நோட் வாசிக்கும். அதிலும் எல்எஃப்ஓ ஒண்டுதான்.

ஏன் ஒண்டு? அந்தக் காலத்தில் ஒவ்வொரு சர்க்கிட்டுக்கும் காசு. எல்லாருக்கும் பொதுவாக ஒண்டைப் போட்டால் மலிவு. மிச்சம் பிடிக்கச் செய்த அந்த வேலையில் இருந்து ஒரு குணம் வந்தது. கோர்ட் முழுக்க ஒண்டாக உயரும், ஒண்டாக இறங்கும். ஆறு நோட்டும் ஒரே ஆளின்ர கை மாதிரி.

புரோகிராமிங் படிச்சவைக்கு இதை ஒரு வரியில் சொல்லலாம். ஜூனோவில் எல்எஃப்ஓ ஒரு குளோபல் வேரியபிள். இண்டைக்கு வாற பல சாஃப்ட்வேர் சாம்ப்ளர்களில் அது ஒவ்வொரு ஒப்ஜெக்டுக்கும் உள்ள இருக்கிற இன்ஸ்டன்ஸ் வேரியபிள். ஒவ்வொரு நோட்டும் பிறக்கும்போது தனக்கெண்டு ஒரு ஊஞ்சலோட பிறக்குது.

இதில் எது சரி? ரெண்டும்தான். இருபது வயலின்காரர் ஒரு மேடையில் இருந்தால் இருபது பேரும் ஒரே நேரத்தில் விரலை ஆட்ட மாட்டினம். அங்க தனித்தனி ஊஞ்சல்தான் உண்மை. மெலோட்ரானை நினைச்சுப் பாருங்கோ. 1970இல் வந்த எம்400இல் 35 கட்டை, ஒவ்வொரு கட்டைக்கும் தனி டேப், கிட்டத்தட்ட 8 செக்கன் ஓடும். ஒவ்வொரு டேப்பிலும் வேறு வேறு வைப்ரேட்டோ பதிவாகி இருக்கு. அதாலதான் அது ஆட்கள் கூடி வாசிக்கிற மாதிரிக் கேட்கும். மற்றப் பக்கம் ஹாமண்ட் ஓர்கன். அதின்ர வைப்ரேட்டோ எல்லா நோட்டும் கலந்த பிறகுதான் வரும். அங்க ஒரே ஊஞ்சல்தான் உண்மை.

இந்த வித்தியாசம் அந்தக் காலத்து இஞ்சினியர்மாருக்கு நல்லாத் தெரியும். அகாய் எஸ்1000 சாம்ப்ளர் 1988இல் வந்தது, 16 வொய்ஸ். அதிலும் பிறகு வந்த எஸ்3000 வரிசையிலும் எல்எஃப்ஓ பக்கத்தில் 'டீசிங்க்' எண்டு ஒரு செட்டிங் இருக்கு. ஒவ்வொரு நோட்டின்ர ஆட்டத்தையும் ஒண்டோட ஒண்டு சேராமல் பிரிச்சு விடுறதுதான் அதின்ர வேலை. ஈ-மியூ சாம்ப்ளர்களில் 'வேரியேஷன்' எண்டு ஒண்டு இருந்தது. கட்டையை அமத்துற ஒவ்வொரு தரமும் வேகம் கொஞ்சம் மாறும், ஒரு கூட்டம் வாசிக்கிற மாதிரி வரட்டும் எண்டு. யமஹா 1987இல் டிஎக்ஸ்7-2ஐ விட்டபோது ஒரே எல்எஃப்ஓவா, நோட்டுக்கு ஒண்டா எண்டு ஆட்களையே தெரிவு செய்ய விட்டுது.

அதால 'சிந்த் எண்டால் ஒண்டு, சாம்ப்ளர் எண்டால் பல' எண்டு மனப்பாடம் செய்யாதேங்கோ. அது பெட்டிக்குப் பெட்டி மாறும். கேள்வியை மட்டும் ஞாபகம் வைச்சிருந்தால் காணும்.

எப்ப தொடங்குது?

சித்தப்பா பிடிச்ச பிழை இங்கதான் இருக்கு. கொஞ்சம் கணக்கு, பொறுமையாக வாங்கோ.

நான் சாம்பிள் எடுத்தபோது வைப்ரேட்டோவை நிப்பாட்டேல்லை. கேட்கிற சத்தத்தை அப்பிடியே பிடிக்கத்தானே வேணும் எண்டு நினைச்சேன். வேகம் கிட்டத்தட்ட 5 ஹெர்ட்ஸ். அந்த ஆட்டம் சாம்பிளுக்குள்ள உறைஞ்சு போச்சுது. இனி அது ஊஞ்சல் இல்லை, ஊஞ்சலின்ர வீடியோ.

சாம்ப்ளர் வேறு கட்டையில் அதே சாம்பிளை எப்பிடி வாசிக்குது? வேகமாகவோ மெதுவாகவோ ஓட விட்டு. ஒரு அரைச்சுரம் மேல போக 1.059 மடங்கு வேகம். பிட்ச் மட்டும் கூடாது, உள்ள உறைஞ்ச எல்லாம் கூடும். ஒரு ஒக்டேவ் மேல போனால் 5 ஹெர்ட்ஸ் ஆட்டம் 10 ஹெர்ட்ஸ் ஆகிடும்.

நான் எடுத்தது சி, ஈ, ஜி-ஷார்ப் எண்டு நாலு நாலு கட்டைக்கு. சித்தப்பா பிடிச்சது சி, ஈ, ஜி. சியும் ஈயும் நேரடிச் சாம்பிள், 5 ஹெர்ட்ஸ். ஜிக்குச் சாம்பிள் இல்லை. ஜி-ஷார்ப்பை ஒரு படி இறக்கித்தான் வருது, அதால 4.7 ஹெர்ட்ஸ். ரெண்டு விரல் ஒரு வேகம், மூண்டாவது விரல் வேறு வேகம். அவை பிரிஞ்சு போய்த் திரும்பச் சேர மூண்டரைச் செக்கன் எடுக்கும். ஹோலில் ஒரு பாட்டின்ர பல்லவிக்குப் பின்னால கோர்ட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற நேரமும் அவ்வளவுதான். முப்பது வருசமாக அந்த இடத்தில் நிண்டு கேட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இன்னொண்டு. சி, ஈ ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு அரைச் செக்கன் கழிச்சு ஜியைச் சேருங்கோ. ஜூனோவில் அந்தப் புது நோட் ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கிற ஊஞ்சலில் ஏறும். சாம்பிளில் அது தன்ர முதல் செக்கனில் இருந்து தொடங்கும். எப்பவும் அதே இடத்தில் இருந்து. நூறு தரம் அமத்தினால் நூறு தரமும் அதே ஆட்டம்.

இந்த 'எப்ப' எண்ட கேள்விக்கும் பெட்டிகளில் செட்டிங் உண்டு. டிஎக்ஸ்7இல் 'கீ சிங்க்' எண்டு ஒண்டு இருக்கு. போட்டால் கட்டையை அமத்தும்போது எல்எஃப்ஓ முதலில் இருந்து தொடங்கும். எடுத்தால் அது தன்ர பாட்டில ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பேஸ் லைனில் ஒவ்வொரு நோட்டும் ஒரே மாதிரி 'வாவ்' எண்டு திறக்க வேணுமெண்டால் சிங்க் வேணும். மெதுவாக அசையிற பேட் சத்தத்துக்கு அதை எடுத்து விடுங்கோ. கேட்டுப் பார்த்தால் ஒரு நிமிசத்தில் விளங்கும்.

நான் விட்ட பிழையை என்ர தொழில் பாசையில் சொன்னால் இன்னும் வெக்கம். நான் செய்யிறது பழைய சிஸ்டத்தைப் புதுசுக்கு மாத்துற கொன்ட்ராக்ட் வேலை. ஒரு ஆள் லொகின் பண்ணிப் பார்த்து எல்லாம் சரி எண்டு சொன்னால் நான் அந்த டெஸ்டை ஏற்கவே மாட்டேன். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன நடக்கும் எண்டுதான் முதலில் கேட்பேன். பகிர்ந்து பாவிக்கிற விசயத்தில் வாற பிழை தனி ஆளாகப் பார்த்தால் தெரியாது. ஜூனோவை நான் ஒவ்வொரு கட்டையாகத்தான் டெஸ்ட் பண்ணினேன். ஒரு யூசர் டெஸ்ட். சித்தப்பா மூண்டு விரலை வைச்சார், ஃபெயில்.

எதைப் பிடிச்சு ஆட்டுது?

சரி, வைப்ரேட்டோவை நிப்பாட்டிச் சாம்பிள் எடுத்து, பிறகு சாம்ப்ளரில் ஒரே ஒரு எல்எஃப்ஓவால் எல்லா நோட்டையும் ஆட்டினால் முடிஞ்சுதா? பாதிதான் முடிஞ்சுது.

சிந்தில் ஒசிலேட்டர் ஒரு இடத்தில், ஃபில்டர் அடுத்த இடத்தில். எல்எஃப்ஓ ஒசிலேட்டரின்ர பிட்சை ஆட்டும்போது ஃபில்டர் அசையாமல் நிக்கலாம். அலை மேல கீழ போக, நிக்கிற ஃபில்டருக்குள்ளால அது போய் வருது. அதால பிட்சோட சேர்ந்து சத்தத்தின்ர நிறமும் கொஞ்சம் மினுங்கும். உண்மையான வயலினிலும் இதுதான் நடக்குது. விரல் ஆடும், மரப்பெட்டி ஆடாது.

சாம்பிளில் ஃபில்டரும் உள்ள உறைஞ்சு இருக்கு. சாம்ப்ளர் பிட்சை ஆட்டினால் எல்லாம் சேர்ந்து ஆடும். வயலின் சாம்பிள் எண்டால் மரப்பெட்டியே சுருங்கி விரியிற மாதிரி. ஒராள் 'ஆ' எண்டு பாடின சாம்பிளுக்கு ஆழமாக வைப்ரேட்டோ போட்டுப் பாருங்கோ, தொண்டையே பெருத்துச் சிறுக்கும். கொஞ்சமாக ஆட்டினால் பெரிசாகத் தெரியாது. ஆழமாக ஆட்டினால் சிரிப்பு வரும்.

ஜூனோவில் இன்னொரு விசயம், பல்ஸ் விட்த். சதுர அலையின்ர அகலத்தை எல்எஃப்ஓ மெல்ல மெல்ல மாத்தும். அந்தப் பெட்டியின்ர தடிப்பான ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தில் பாதி அதில் இருந்துதான் வருது. இது அலையின்ர வடிவமே மாறுற விசயம். சாதாரண சாம்ப்ளரிடம் பிட்ச், ஃபில்டர், வொலியூம் எண்டு மூண்டு பிடிதான் உண்டு. 'அகலம்' எண்ட பிடியே இல்லை. இல்லாத பிடியை எந்த எல்எஃப்ஓ பிடிக்கும்?

ஒரு குறுக்கு வழி இருக்கு. ஒரு பல்ஸ் அலை எண்டது ஒரு சோ அலையில் இருந்து கொஞ்சம் தள்ளி நிக்கிற இன்னொரு சோ அலையைக் கழிச்சால் வாறதுதான். அதால ரெண்டு சோ சாம்பிளைப் போட்டு, ஒண்டைத் தலைகீழாக்கி, அதின்ர பிட்சை மட்டும் மிகச் சின்னதாக ஆட்டினால் அகலம் மாறும். கணக்குப் பிரியர்களுக்கு ஒரு பரிசு: பிட்சை சதுர எல்எஃப்ஓவால் ஆட்டினால் அகலம் முக்கோணமாக ஆடும், ஏனெண்டால் இங்க நடக்கிறது இன்டெக்ரேஷன். ஆனால் அதுக்கு சோ அலையைத் தனியாகப் பதிஞ்சிருக்க வேணும். நான் பதியேல்லை. பெட்டி போட்டுது.

கடைசியாக, கோரஸ். ஜூனோவின்ர பேர் போன கோரஸுக்கு உள்ளயும் ஒரு ஊஞ்சல் ஒளிஞ்சிருக்கு. எல்லா வொய்ஸும் கலந்த பிறகு ஒரே ஒரு தரம்தான் அது வரும், இடது வலது எதிர் எதிராக ஆடும். நான் கோரஸையும் போட்டபடி பதிஞ்சேன். இப்ப மூண்டு நோட் பிடிச்சால் மூண்டு கோரஸ், ஒண்டுக்கொண்டு சம்பந்தம் இல்லாமல். குழம்பில் உப்புப் போட்டாச்சு எண்டு தெரியாமல் ஆளுக்கு ஒரு கரண்டி போட்ட மாதிரி.

'அனலொக்கில் உயிர் இருக்கு' எண்ட கதை

இந்த இடத்தில் ஒரு கூட்டம் வந்து, "நாங்கள் சொன்னாங்கள்தானே, ஹார்ட்வேருக்கு ஈடு இல்லை" எண்டு சொல்லும். நான் அந்தப் பக்கம் இல்லை.

ஜூனோ-106இன்ர எல்எஃப்ஓ அனலொக்கே இல்லை. உள்ள இருக்கிற மைக்ரோப்ரொசசர் கணக்குப் போட்டுத் தாற எண் அது. 1984இல் வந்த ஓபர்ஹைம் எக்ஸ்பாண்டரைப் பாருங்கோ: 6 வொய்ஸ், ஒவ்வொண்டுக்கும் 5 எல்எஃப்ஓ, அதுக்கு மேல எல்லாருக்கும் பொதுவாக வைப்ரேட்டோவுக்கு ஒண்டு. ஒசிலேட்டரும் ஃபில்டரும் அனலொக். ஆனால் அந்த 31 ஊஞ்சலும் சாஃப்ட்வேர். அந்த இஞ்சினியர்மார் 'தனக்கெண்டு ஒண்டு', 'எல்லாருக்கும் ஒண்டு' எண்ட ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள வைச்சிருக்கினம். அதுதான் பிரச்சினையைச் சரியா விளங்கின வேலை.

சாம்ப்ளர் ஆட்களையும் குறை சொல்ல ஏலாது. எஸ்1000இல் அடிப்படை மெமரி 2 மெகாபைட். மோனோவில் 44.1 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 23 செக்கன், அவ்வளவுதான். ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா ஆடுற ஒரு சத்தத்தை லூப் பண்ண வேணுமெண்டால் குறைஞ்சது ரெண்டு முழுச் செக்கன் வேணும். சுத்து முடியாமல் வெட்டினால் ஒவ்வொரு லூப்பிலும் ஒரு தடக்கு விழும். பத்துக் கட்டைக்கு எடுத்தாலே மெமரி முடிஞ்சுது. அதால துண்டு துண்டாக வெட்டி, அசைவை நிப்பாட்டி, பிறகு சாம்ப்ளரின்ர சொந்த எல்எஃப்ஓவால் ஆட்டினவை. கையில் இருந்ததைக் கொண்டு செய்தது. அதில் இருந்தும் ஒரு அழகு வந்தது. தொண்ணூறுகளின்ர எத்தனையோ பாட்டில் அந்த 'கொஞ்சம் பிழையான' ஆட்டம் இருக்கு.

"முழு மிக்ஸில் இது ஆருக்கும் கேட்காது" எண்டும் ஒரு வாதம் இருக்கு. ஒரு நோட் மட்டும் வாசிக்கிற பேஸ், லீட் எண்டால் ஒத்துக்கொள்ளுறேன். ஒரு விரல்தான், ஒரு ஊஞ்சலா ஆறா எண்ட கேள்வியே வராது. டிரம் சத்தத்துக்கும் இது ஒண்டும் செய்யாது. ஆனால் நீட்டிப் பிடிக்கிற கோர்ட்டில் கேட்கும். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். என்ர வீட்டில் அதைக் கண்டுபிடிச்சவர் எல்எஃப்ஓ எண்ட சொல்லைப் பாவிச்சதே இல்லை.

எனக்கு உண்மையாகக் கோபம் வாறது வேற இடத்தில். இண்டைக்கு எங்களிடம் மெமரிக்குப் பஞ்சம் இல்லை, சிபியூவுக்குப் பஞ்சம் இல்லை. ஒரே ஊஞ்சலா, தனித்தனியா எண்டு கேட்கிறதுக்கு ஒரு சின்னப் பொத்தான் காணும். ஆனாலும் எத்தனையோ சாம்பிள் பக்குகள் ஆட்டத்தை உள்ள உறைய வைச்சு, 'அசல் சிந்த்' எண்டு விக்குது. 1988இல் ரெண்டு மெகாபைட்டுக்குள்ள யோசிச்ச விசயத்தை இப்ப யோசிக்காமல் விடுறதுக்கு என்ன சாட்டு இருக்கு?

விக்க முதல் இதைச் செய்யுங்கோ

உங்கட வீட்டுப் பேஸ்மெண்டிலும் அப்பாவின்ரயோ மாமாவின்ரயோ ஒரு பழைய கீபோர்ட் இருக்கக்கூடும். சாம்பிள் எடுத்துப்போட்டு விக்கிற யோசினை இருந்தால், தயவுசெய்து பெட்டி வீட்டில் இருக்கும்போதே இவ்வளவையும் செய்யுங்கோ.

முதலில் மூண்டு நோட்டைப் பிடிச்சுக்கொண்டு, ஒரு செக்கன் கழிச்சு நாலாவதைச் சேருங்கோ. எல்லாம் ஒண்டாக ஆடுதா, தனித்தனியா? இதுதான் முதல் கேள்விக்கு விடை. பிறகு ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப, இடைவெளியை மாத்தி மாத்தி அமத்துங்கோ. ஆட்டம் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் தொடங்குதா? இது ரெண்டாவதுக்கு. எல்எஃப்ஓ வேகத்தை நல்லாக் குறைச்சு, எந்தெந்தப் பகுதி அசையுது எண்டு ஒவ்வொண்டாகக் கேளுங்கோ. இது மூண்டாவதுக்கு. விடைகளை எழுதி வையுங்கோ. ஒரு ஃபோன் வீடியோவும் எடுத்து வையுங்கோ.

சாம்பிள் எடுக்கும்போது எல்எஃப்ஓவையும் கோரஸையும் நிப்பாட்டி ஒரு தரம், போட்டபடி ஒரு தரம் எண்டு ரெண்டு செட் எடுங்கோ. நாலு கட்டைக்கு ஒண்டு எண்டு கஞ்சத்தனம் பண்ணாமல் ஒவ்வொரு கட்டையும் எடுங்கோ, ஹார்ட் டிஸ்க் மலிவு. பிறகு சாம்ப்ளருக்குள் போய், எல்எஃப்ஓ வொய்ஸுக்கு ஒண்டா, மொத்தத்துக்கு ஒண்டா எண்டு பாருங்கோ. கோரஸை எல்லாம் கலந்த பிறகு ஒரே ஒரு தரம் போடுங்கோ.

முக்கியமான டெஸ்ட் கடைசியில். அந்தப் பெட்டியை வருசக்கணக்காக வாசிச்ச ஆளைக் கூப்பிட்டு, ஒண்டும் சொல்லாமல் வாசிக்க விடுங்கோ. அவை என்ன சொல்லினமோ அதை அப்பிடியே எழுதுங்கோ. திருத்தாதேங்கோ. எங்கட பெரியாக்களுக்கு எங்கட சொற்கள் தெரியாமல் இருக்கலாம். பிழை எங்க எண்டு தெரியும்.

சித்தப்பாவுக்குப் பிறகு நான் ஒரு சாஃப்ட்வேர் சிந்த் போட்டுக் குடுத்தேன். சாம்பிள் இல்லை, கணக்குப் போட்டு அந்தப் பெட்டி மாதிரி நடக்கிறது. ஆறு வொய்ஸ், ஒரே எல்எஃப்ஓ, கடைசியில் ஒரே கோரஸ். அவற்ற பழைய சத்தத்தை ஞாபகத்தில் வைச்சு குமிழ்களைத் திருப்பித் திருப்பி ஒரு பின்னேரம் முழுக்க ரெண்டு பேரும் இருந்தோம். அந்த சி, ஈ, ஜியைப் பிடிச்சார். தலை சரியேல்லை.

"ஓம், இப்ப கை சேந்து போகுது" எண்டார். கொஞ்சம் கழிச்சு, "ஆனா அந்தப் பெட்டியை வித்திருக்கத் தேவையில்ல, என்ன?" எண்டும் கேட்டார்.

அதுக்கு என்னிடம் டெக்னிக்கலான பதில் ஒண்டும் இல்லை. கொண்டோவில் இடம் இல்லை எண்டது உண்மை. அவருக்கு இப்ப சத்தம் இருக்கு எண்டதும் உண்மை. ஆனால் 16 சாம்பிளைக் காட்டி, 'எல்லாம் இதுக்குள்ள இருக்கு' எண்டு அவருக்கு நான் சொன்னது உண்மை இல்லை.

உங்கட பெட்டிகளில் அந்த மூண்டு கேள்விக்கும் என்ன விடை வந்தது எண்டு இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. நல்லதுகளை அடுத்த எபிசோடில் வாசிக்கிறம். நாலாவது நோட்டைச் சேர்க்க மறந்திடாதேங்கோ.